வால்வில் வைத்த சந்தனம்

எங்கள் கொட்டகையில் ஓர் அலமாரி நிறைய மூச்சை அடைத்து வைத்திருக்கிறோம். முழங்கை நீளத்து அலுமினிய பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பித்தளை வால்வு. உள்ளே இருப்பது சோடாக் கம்பெனிக்காரர்கள் நிரப்புகிற அதே கேஸ்தான். அழுத்தம் தாங்காமல் தண்ணீராகிப் படுத்திருக்கும். வெயில் ஏறினால் புரண்டு படுக்கும். பாட்டிலைக் காதோரம் வைத்து ஆட்டினால் அது உள்ளே புரள்வது கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பயமும் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கிற இடத்தில்தான் என்னால் நிலையாக நிற்க முடிகிறது.

பெயிண்ட்பால் என்றால் டவுனில் புரியும். எங்கள் பக்கத்தில் அதற்குச் சாயத் துப்பாக்கி என்று பெயர். துப்பாக்கியின் பின்பக்கம் பாட்டிலைத் திருகி மாட்ட வேண்டும். விசையை அழுத்தினால் கேஸ் ஒரு வாய் வெளியேறும். சாயம் நிறைந்த கோலிக்குண்டு பறந்துபோய் எதிராளியின் சட்டையில் பூக்கும். என் வீட்டுக்காரர், பங்கு பிரித்ததில் தனக்கு வந்த கரிசல் துண்டில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினார். அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறைகள் கழித்துப் போட்ட டிரம்களை உருட்டி வந்து நிறுத்தினார். மண் மூட்டை அடுக்கினார். திருச்சுழி ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால், பாதியில் விட்டுப்போன யுத்தம் மாதிரி இருக்கும்.

ஆட்டம் அவருடையது. கேஸ் என்னுடையது. யாரும் ஒப்படைக்கவில்லை, நானாகப் போய் நின்றுகொண்டேன். பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஏற்றும்போது தராசில் வைத்து எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ததும்ப நிரப்பினால் கேஸ் வெயிலில் விரிய இடம் இருக்காது. பாட்டில் எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ரப்பர் வளையம் பிய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். இதெல்லாம் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். கைக்கு வராத ஒன்றுக்காகத்தான் சிவப்புக் கோடு.

ஒரு பாட்டிலில் இரண்டு திருகு உண்டு. ஒன்று, வால்வும் துப்பாக்கியும் சேருகிற இடம். அதை தினமும் கழற்றுவோம், மாட்டுவோம். மற்றொன்று, வால்வும் பாட்டிலும் சேருகிற கழுத்து. அது கம்பெனியில் பசை போட்டு இறுக்கியது, நாம் தொடவே கூடாதது. துப்பாக்கியிலிருந்து பாட்டிலைக் கழற்றுகிறோம் என்று நினைத்துத் திருகும்போது, வால்வு துப்பாக்கியோடு நின்றுகொண்டு பாட்டில் மட்டும் கழன்று வந்தால், கடைசி மரை விடுகிற நொடியில் அத்தனை கேஸும் கழுத்து வழியே பீறிடும். பாட்டில் பின்பக்கமாகப் பாயும். பின்பக்கம் இருப்பது, பிடித்திருக்கிறவரின் வயிறும் நெஞ்சும் முகமும்.

அதனால் பித்தளையையும் அலுமினியத்தையும் சேர்த்து ஒவ்வொரு கழுத்திலும் நகப்பாலிஷால் ஒரு கோடு இழுத்திருந்தேன். கோடு நேராக இருக்கும்வரை இரண்டும் ஒன்று. கோடு உடைந்தால் கையை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. என் நகங்களில் நான் பாலிஷ் போட்டு வெகுகாலம் ஆகிறது.

ஆயுத பூஜை அன்று அம்மாவைப் பார்க்க மல்லாங்கிணறு போய்விட்டு சாயங்காலம் திரும்பினேன். கொட்டகை வாசலிலேயே வாழைக்கன்று, பொரி வாசனை, சாம்பிராணிப் புகை. பரளச்சியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் வந்திருந்தாள். அவள் இருக்கிற இடத்தில் அழுக்கு இருக்காது. மோட்டார் பம்பைப் பிரித்துக் கழுவி மாட்டத் தெரிந்தவள், டிராக்டருக்குக் கிரீஸ் அடிக்கிறவள். அவர்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் ஒரு மண்வெட்டியின் காம்பு வரைக்கும் குளிக்கும்.

"பாத்தியா மதினி, உன் பாட்டிலெல்லாம் மாப்பிள்ளை கணக்கா நிக்குது!"

நின்றன. அலுமினியம் பளிச்சென்று இருந்தது. பித்தளை வால்வுகளைப் புளி போட்டு விளக்கியிருந்தாள். குத்துவிளக்குக்கு இருக்கிற மினுக்கம். ஒவ்வொரு கழுத்திலும் வால்வும் பாட்டிலும் சேருகிற இடத்தில் தடிமனாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

கோடுகளைக் காணோம்.

"இதுல செவப்பா ஒரு கோடு இருந்துச்சே?"

"அதுவா? அதைச் சொரண்டி எடுக்கத்தான் எனக்கு உசுரு போச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சும் போகல, பிளேடு வச்சுச் சொரண்டுனேன்."

"யார்ட்டயாச்சும் கேட்டியா?"

"அண்ணன்ட்ட கேட்டேனே. உன் மதினிக்கு நகத்துல இடமில்லாம சிலிண்டருக்குப் பூசி விட்டுருக்கான்னாக."

என் வீட்டுக்காரர் பொரியை வாயில் போட்டபடி எங்கேயோ பார்த்தார். "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். இவ நெசம்னு எடுத்துக்குவான்னு யாரு கண்டா?"

பொட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கோடு போட்டுவிடலாம் என்று கை நீட்டினேன். அவர் தடுத்தார். "பூசையில வச்சத நாளைக்கு எடுக்குற வரைக்கும் தொடப்படாது. விடிஞ்சதும் போட்டுக்க."

விடிந்ததும் பார்த்தேன். நகப்பாலிஷ் குப்பியில் கட்டியாகிக் காய்ந்து கிடந்தது. "மத்தியானம் டவுனுக்குப் போகையில வாங்கியாரேன்" என்றார். விஜயதசமி லீவு. பாலவனத்தம் பக்கத்து மில் ஒன்றில் வேலை பார்க்கிற கூட்டம் காலையிலேயே வேனில் வந்து இறங்கிவிட்டது. அவர் அவசர அவசரமாக பாட்டில்களைத் தராசில் வைத்து நிரப்பினார். நான் ஒவ்வொன்றாக வாங்கி ஈரச்சாக்கின் கீழ் அடுக்கினேன். ஏதோ ஒன்றை வாங்கும்போது லேசாகத் தேங்காய் எண்ணெய் வாடை. பக்கத்தில் நாத்தனார் தலை வாரிக்கொண்டு நின்றாள். அவள் தலை என்று நினைத்துக்கொண்டேன்.

கோடு போடாத நினைப்புதான் காலை முழுக்க என்னை அரித்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது. நீல டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒருவன் கத்துகிறான், மண் மூட்டை மேல் மஞ்சள் தெறிக்கிறது, நாத்தனார் தோற்றவர்களுக்கு மோர் ஊற்றிக் கேலி செய்கிறாள். நான் கொட்டகைக்கும் களத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். மழை வராத புரட்டாசி. கரிசல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காலடியில் வெடிப்பைத் தாண்டும் போதெல்லாம் கண்ணுக்குள் கோடில்லாத கழுத்து வந்து போனது.

மில்காரர்களில் ஒருவன் வாயாடி. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துப்பாக்கியோடு கொட்டகைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, இது என்ன துப்பாக்கியா, வெத்தலை போடுற கெழவியா? கொழகொழன்னு துப்புதே ஒழிய சுட மாட்டேங்குது."

குண்டு குழாய்க்குள்ளேயே உடைந்து சாயம் வழிந்துகொண்டிருந்தது. "வேற துப்பாக்கி தாரேன். இந்த பாட்டில்ல கேஸ் இருக்கு, இதையே மாட்டிக்க" என்று என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். இடது கையில் துப்பாக்கி. வலது கையில் பாட்டிலின் உடம்பு. பாட்டிலின் அடி அவர் வயிற்றைப் பார்த்து இருந்தது. திருகினார்.

"பரவாயில்லையே, இன்னைக்கு சுளுவா வருது."

சுளுவாக வரக் கூடாது. புஸ் என்று ஒரு சீறல் கேட்க வேண்டும். துப்பாக்கிக்குள் மிச்சமிருக்கிற கேஸ் வெளியேறுகிற சத்தம். கேட்கவில்லை. நான் கழுத்தைப் பார்த்தேன். காய்ந்த சந்தனப் பொட்டு, குங்குமத்தின் நடுவே வெடித்திருந்தது. மேல் பாதி பித்தளையோடு அசையாமல் நின்றது. கீழ்ப் பாதி பாட்டிலோடு சேர்ந்து நகர்ந்து அவர் கட்டைவிரல் பக்கம் போயிருந்தது.

"நிறுத்துங்க."

"என்ன?"

"திருகாதீங்க. எந்தப் பக்கமும் திருகாதீங்க. அப்படியே இருங்க."

"இந்தா, என்னத்துக்கு இப்பக் கத்துற?"

"பொட்டப் பாருங்க."

குனிந்து பார்த்தார். அசையவில்லை. வெளியே யாரோ சிரித்தார்கள். மோர்ச் செம்போடு உள்ளே வந்த நாத்தனார் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நின்றாள். பிறகு பொட்டைப் பார்த்தாள். செம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மதினி... நேத்து ஒரு பாட்டில நான் கழட்டிக் கழுவுனேன்."

"என்னத்தக் கழட்டுன?"

"அந்தப் பித்தளை மூக்கைத்தான். காலியாத்தான் இருந்துச்சு. மரையெல்லாம் பிசினு மாதிரி என்னமோ ஒட்டிக் கெடந்துச்சு. பம்பு ஸ்பேனரைப் போட்டுக் கழட்டி, சுத்தமாச் சொரண்டி, தேங்காண்ணெய் விட்டு மாட்டுனேன். நாளைக்குக் கழட்ட லேசா இருக்கட்டுமேன்னு."

அந்தப் பிசின்தான் பசை. அது இறுகலாக இருப்பதில்தான் எங்கள் எல்லோருடைய முகமும் இருந்தது.

"திருப்பி உள்ள முறுக்கிரவா?" என்று அவர் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. பாட்டிலுக்குக் கேட்டுவிடும் என்பது மாதிரி.

"வேணாம். எத்தனை மரை பிடிச்சிருக்குன்னு நமக்குத் தெரியாது. இந்தப் பதட்டத்துல வலது எது எடது எதுன்னு கைக்கே மறந்துரும். இருக்குற கேஸ சுட்டுத் தீக்கணும். ஆள் இல்லாத பக்கம்."

வாயாடி அதற்குள் விஷயத்தை மோப்பம் பிடித்திருந்தான். "அண்ணாச்சி, கீழ வச்சுட்டு ஓடிருவமா?"

"நீ ஓடுலே. ஓடுற ஓட்டத்துல அத்தன பேரையும் வேனுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிரு."

அவர் நடக்க ஆரம்பித்தார். பாட்டிலின் அடியை உடம்பிலிருந்து விலக்கி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கரித்துணி இல்லாமல் கொதிக்கிற குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி. நான் பக்கவாட்டில் தள்ளி நடந்தேன். "நீ வராத" என்றார். போனேன். அவர் செருப்பு வெடிப்பில் மாட்டுமோ என்று ஒவ்வொரு அடிக்கும் மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனேன். இங்க பள்ளம். இங்க கல்லு. இங்க சும்மா வாங்க. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு மெதுவாக, நாங்கள் சேர்ந்து நடந்ததில்லை.

களத்தின் கோடியில் கண்மாய்க் கரை. துப்பாக்கியைப் படுக்க வைத்து, பாட்டிலின் அடி கரையின் மண்ணைப் பார்க்கும்படி வைத்தால், விட்டாலும் மண்ணில்தான் போய்க் குத்தும். கரை மேல் பார்த்தேன். ஆடுகள். வேலிக்காத்தான் நெற்றைத் தின்றுகொண்டு சாவகாசமாக நின்றன.

"ஏலே, ஆடு! அந்த ஆட்டைப் பத்துங்க யாராச்சும்!"

வேனுக்குப் பின்னால் போயிருந்த வாயாடிதான் ஓடி வந்தான். முகமூடி மாட்டிய முகத்தோடு கரையேறி, கையில் கிடைத்த கட்டியை எறிந்து, "போங்க தாயி, போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவன் கெஞ்சியதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. ஆடுகள் இறங்கின. அவனும் அந்தப் பக்கமே இறங்கிக் காணாமல் போனான்.

மண் மூட்டைகளுக்கு நடுவே துப்பாக்கியை வைத்து அவர் இறுக்கினார். இப்போது விசையை அழுத்த வேண்டும். அதற்கு ஒரு விரல் அங்கே இருக்க வேண்டும்.

"அண்ணே!" பின்னாலிருந்து நாத்தனார். கையில் களத்துக்கு எல்லை கட்டியிருந்த நைலான் கயிறு. எப்போது அவிழ்த்தாளோ தெரியாது. "விசையில கட்டிட்டு இந்தப் பக்கத்து டிரம்முக்குப் பின்னால இருந்து இழுங்கண்ணே. விரலு வேணாம்."

கயிறை என்னிடம் எறிந்தாள். நான் அவரிடம் கொடுத்தேன். அவர் குனிந்து விசையில் முடிச்சுப் போட்டார். அவர் தலை அந்த பாட்டிலுக்கு அருகில் இருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தலைமுடியில் நரை எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு மூவரும் சிவப்புச் சாய டிரம்முக்குப் பின்னால், குத்த வைத்து. அவர் கயிறைச் சுண்டினார். டப். இன்னொரு சுண்டு. டப். கரைக்கு எதிர்ப்பக்கம், களத்தோரத்தில் மிச்சமிருந்த கருவேலத் தூரில் சாயம் தெறித்தது. குண்டு தீர்ந்ததும் வெறும் காற்று. டப். டப். சொட்டுச் சொட்டாக ஒரு குடத்தைக் கவிழ்க்கிற வேலை. வியர்வை கண்ணில் இறங்கியது. கயிறு அவர் விரலில் சிவப்பாகப் பதிந்தது. ஒவ்வொரு சுண்டுக்கும் பாட்டில் கொஞ்சம் குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"சாமிக்கு வச்ச பொட்டு மதினி" என்றாள். "அதனாலதான் காட்டிக் குடுத்துச்சு."

"கோடு இருந்திருந்தாலும் காட்டியிருக்கும்" என்றேன். எவ்வளவு காரமாகச் சொன்னேன் என்பது அவள் கையை எடுத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது.

வெயிலில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. அந்த மத்தியான அனலில், கரிசல் மண்ணின் மேல், பாட்டிலின் உடம்பில் வெள்ளையாகப் பனி பூத்தது. கேஸ் வெளியேற வெளியேற உள்ளே குளிர்ந்துகொண்டே போகும். பனி கழுத்து வரை ஏறி, பாதிச் சந்தனத்தையும் மூடியது. சத்தம் தேய்ந்தது. டப் என்றது புட் என்றாயிற்று. பிறகு கயிறைச் சுண்டினால் விசை மட்டும் அசைந்தது.

"தீந்துருச்சு" என்று எழுந்தார்.

நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்க. குளுந்து போனா செத்தது மாதிரி கெடக்கும். வெயிலு பட்டா முழிச்சுக்கும்."

"எம்புட்டு நேரம்டி இப்படியே கெடக்குறது?"

"பனி உருகட்டும்."

அவர் உட்கார்ந்தார். பனி உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குளவி வந்து ஈர பாட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. அதற்கு எவ்வளவு தைரியம். வெள்ளை சுருங்கி, துளியாகி, மண்ணில் இறங்கி, மண் கறுத்தது. பாட்டில் மறுபடி வெயிலில் மின்னத் தொடங்கியதும், "இப்ப இழுங்க" என்றேன்.

டப்.

தெளிவான, முழு வாய்ச் சத்தம். முன்னைப் போலவே. மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எழுந்து போயிருந்தால் அவர் கை இந்நேரம் அந்தக் கழுத்தில் இருந்திருக்கும்.

மறுபடி சுண்டினார். மறுபடி பனி. மறுபடி காத்திருப்பு. கடைசியில் பனி பூக்கவே இல்லை. வெயில் பட்டு பாட்டில் சூடான பிறகும் எதுவும் முழித்துக்கொள்ளவில்லை. அப்போதும் அவர் எழ, நான் விடவில்லை. அதற்கப்புறம் அவர் எழ, நான் கூடவே எழுந்தேன்.

பக்கவாட்டில் நின்று, அடியை வெளியே பார்க்க வைத்து, பாட்டிலைத் தொட்டுத் திருகினார். திருகு என்று சொல்ல முடியாது. மணிக்கட்டு கொஞ்சம் திரும்பியது, அவ்வளவுதான். பாட்டில் அவர் கையோடு வந்துவிட்டது. வால்வு துப்பாக்கியிலேயே நின்றது. கழுத்தின் மரையில் எண்ணெய் மினுங்கியது. காலையில் வந்த அதே தேங்காய் எண்ணெய் வாடை.

அவர் பாட்டிலை நிமிர்த்தி உள்ளே பார்த்தார். கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி. பிறகு தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டார்; காலையில் பாட்டிலின் அடி எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அந்த இடத்தை.

"ஏத்தா" என்று தங்கையைக் கூப்பிட்டார். "ஒண்ணுதான கழட்டுன?"

"ஒண்ணுதான்." கொஞ்சம் நின்றாள். "ஒண்ணுதான்னு நெனைக்கேன். காலியா இருந்ததுல இன்னொன்னுலயும் ஸ்பேனரப் போட்டேன். அது வரலைன்னு விட்டுட்டேன்."

"வரலையா, கொஞ்சம் வந்துச்சா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஈரச்சாக்கின் கீழே வரிசையாகப் படுத்திருந்த பாட்டில்கள் இருக்கிற திசையைப் பார்த்தாள். எல்லாம் ஒன்று போல. எல்லாவற்றிலும் பொட்டு.

மில்காரர்களை அவரே போய்ப் பார்த்தார். துப்பாக்கிகளில் மாட்டியிருந்ததை யாரும் தொட வேண்டாம், அப்படியே தரையில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார். வாயாடி மட்டும் கேட்டான்: "அப்ப ஆட்டம் அவ்வளவுதானா அண்ணாச்சி?" "அவ்வளவுதான். இன்னொரு நாளைக்கு வாங்க. மோரு குடிச்சுட்டுப் போங்க." அவர்கள் பிறகு வந்தார்கள். இப்போதும் வருகிறார்கள்.

அன்று மத்தியானம் முழுக்க, ஒவ்வொரு பாட்டிலையும் துப்பாக்கியோடு அதே மண் மூட்டைக்கு நடுவே வைத்து, அதே கயிறால், கரையைப் பார்த்துக் காலி செய்தோம். கயிறைச் சுண்டியது நாத்தனார். அண்ணனை அவள் கிட்டவே விடவில்லை. கை காய்த்துப்போன பிறகும் என்னிடமும் தரவில்லை. பொழுது இறங்க இறங்க ஒவ்வொரு சுண்டுக்கும் வெள்ளையாக ஒரு மூச்சு கிளம்பி, தரையோடு தவழ்ந்து, வெடிப்புகளில் இறங்கிக் காணாமல் போனது. அலமாரி நிறைய நான் அடைத்து வைத்திருந்ததெல்லாம். எனக்கு அது விட்டுப்போவதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. காலியான பாட்டில் கனமற்று, கூப்பிட்டால் பதில் சொல்லாத ஒன்றாக ஆகிவிடுகிறது.

மற்ற பாட்டில்களையெல்லாம் மதுரைக்கு அனுப்பிச் சோதித்து வாங்கினோம். கழன்ற அந்த ஒன்றை மட்டும் அனுப்பவில்லை. இனி யாரும் நிரப்பிவிடக் கூடாது என்று அவர் ரம்பத்தால் கழுத்தை அறுத்தார். பாட்டிலை நான் பிடித்துக்கொண்டேன். பாதிப் பொட்டு அதில் அப்படியே இருந்தது. அவர் அதைத் தவிர்த்து அறுத்தார்.

பாட்டில்கள் திரும்பி வந்த அன்று, சட்டைப்பையிலிருந்து ஒரு நகப்பாலிஷ் குப்பியை எடுத்து வைத்தார். ஜிகினா போட்ட ரோஸ் கலர். "கடையில எந்த நெறம்னு கேட்டான். எனக்கென்ன தெரியும்?" என்றார். நான் கை நீட்டினேன். தரவில்லை. அவரே உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் பாட்டிலின் பித்தளையிலிருந்து அலுமினியத்துக்கு ஒரு கோடு இழுத்தார். கோடு கோணலாக விழுந்தது.

"அழிச்சுட்டுப் போடவா?"

"இருக்கட்டும்" என்றேன். "அடுத்ததப் போடுங்க."